எந்தத் தேடுபொறி நல்லது? இரண்டு சித்தூரை வைத்து ஒரு பரிசோதனை

எட்டாம் கிளாஸ் பையன் ஒருவன் சமூக அறிவியல் கேள்விகளுக்கு விடை எழுதிக்கொண்டு வந்தான். கையெழுத்து மணிமணியாக இருந்தது. விடைகளிலும் தப்பில்லை. ஆனால் அவை எங்கள் புத்தகத்துக் கேள்விகளுக்கான விடைகளே இல்லை. பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம், தமிழ் மீடியத்தில் படிக்கிற பிள்ளைகள் இவர்கள். பாடப்புத்தகம் தமிழில்தான் இருக்கும், ஆனால் அதைப் போடுவது கேரள அரசின் பாடநூல் தயாரிக்கும் நிறுவனமான எஸ்.சி.இ.ஆர்.டி. பையன் வீட்டுப் போனில் 'எட்டாம் வகுப்பு சமூக அறிவியல் மூன்றாம் பாடம் விடைகள்' என்று தமிழில் அடித்திருக்கிறான். தமிழில் கேட்கிறவன் தமிழ்நாட்டுப் பையனாகத்தான் இருப்பான் என்று தேடுபொறி முடிவுகட்டி, எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பாடநூலின் மூன்றாம் பாடத்தை எடுத்துக் கொடுத்துவிட்டது.

"போன்ல அப்படித்தானுங்க டீச்சர் போட்டிருந்துச்சு" என்றான். அவன் பொய் சொல்லவில்லை.

தட்டச்சு, படம் தேடுவது, பிரிண்ட் எடுப்பது எல்லாம் பிள்ளைகளுக்குத் தானாகவே வந்துவிடுகிறது. தேடிக் கொடுக்கிற ஆள் எப்படிப்பட்டவர் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பெண் பார்த்துச் சொல்லும் தரகரைப் பற்றியே நாலு இடத்தில் விசாரிக்கிற ஊர் எங்களுடையது. தேடுபொறியைப் பற்றியும் விசாரிக்கலாம், அதற்கு வழி இருக்கிறது. அடுத்த ஐ.டி. பீரியடில் அதைத்தான் ஆரம்பித்தேன்.

முதலில் ஒரு தப்பான எண்ணத்தைக் கலைக்க வேண்டும். பெட்டியில் ஒரு சொல்லை அடித்ததும் தேடுபொறி அந்த நொடியில் உலகம் பூராவும் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருவதில்லை. ஏற்கெனவே போய்ப் பார்த்து எழுதிவைத்த தன் சொந்தப் பேரேட்டைத்தான் புரட்டுகிறது. பேரேட்டில் ஏறாத பக்கம், அதைப் பொறுத்தவரை இல்லாத பக்கம்.

பேரேட்டை நிரப்புவது க்ராலர் என்கிற நிரல். பால் சொசைட்டி வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தெரிந்த வீட்டிலிருந்து கிளம்பும். அந்த வீட்டிலிருந்து எந்தெந்தச் சந்து பிரிகிறதோ அதிலெல்லாம் நுழையும். இணையத்தில் சந்து என்பது லிங்க். எந்தப் பக்கமும் லிங்க் கொடுக்காத ஒரு பக்கத்துக்கு, தளத்துக்காரரே முகவரி கொடுத்தாலொழிய, வண்டி போக வழி கிடையாது. 'உள்ளே வராதே' என்று தளத்துக்காரர் ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைத்திருந்தால், ஒழுங்கான க்ராலர் வாசலோடு திரும்பிவிடும். சில வீடுகளுக்கு வண்டி தினமும் இரண்டு வேளை போகும், சிலவற்றுக்கு மாதத்துக்கு ஒருமுறை போனாலே அதிகம்.

கொண்டுவந்த பக்கங்களைப் பேரேட்டில் எழுதும் முறை சுவாரஸ்யமானது. இந்தப் பக்கத்தில் இன்னின்ன சொல் இருக்கிறது என்று எழுதுவதில்லை. தலைகீழாக, இந்தச் சொல் இன்னின்ன பக்கத்தில் இருக்கிறது என்று எழுதுகிறார்கள். கரும்பலகையில் இப்படிப் போட்டேன்: 'அணை' என்ற சொல் 12, 48, 95ஆம் பக்கங்களில். 'ஆழியாறு' என்ற சொல் 7, 48, 60ஆம் பக்கங்களில். இரண்டையும் சேர்த்துக் கேட்டால்? "நாப்பத்தெட்டு!" என்று கிளாஸே கத்தியது. பாடப்புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவும் இதே வேலையைத்தான் செய்கிறது. கோடிக்கணக்கான பக்கங்களிலிருந்து ஒரு நொடிக்குள் பதில் வருவதன் ரகசியத்தில் பாதி இவ்வளவுதான்.

தமிழுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. நாம் 'அணை' என்று மட்டுமா எழுதுகிறோம்? அணையை, அணைக்கு, அணையின், அணையிலிருந்து என்று ஒரு சொல்லுக்கு வால் நீண்டுகொண்டே போகும். 'மரம்' என்பது 'மரத்தை' ஆகும்போது தலையே மாறிவிடுகிறது. இவையெல்லாம் ஒரே சொல்லின் பிள்ளைகள் என்று தேடுபொறிக்குத் தெரிந்திருக்க வேண்டும். எந்தத் தேடுபொறிக்கு இது எவ்வளவு தெரியும் என்பதை எட்டாம் கிளாஸ் பிள்ளையே சோதிக்கலாம்: 'ஆழியாறு அணை நீர்மட்டம்' என்றும் 'ஆழியாற்று அணையின் நீர்மட்டம்' என்றும் தேடி, இரண்டு முறையும் ஒரே மாதிரிப் பக்கங்கள் வருகின்றனவா என்று பார்த்தால் போதும்.

அடுத்தது வரிசை. ஆயிரம் பக்கம் அகப்பட்டால் எதை முதல் பந்தியில் உட்கார வைப்பது? கேட்ட சொல் பக்கத்தில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணலாம். ஆனால் எல்லாச் சொல்லுக்கும் ஒரே மதிப்புக் கொடுக்க முடியாது. 'பஸ் நேரம் ஒழலப்பதி' என்று தேடினால் பஸ்ஸும் நேரமும் எங்கும் இருக்கும், ஒழலப்பதிதான் அபூர்வம், ஆகவே அதற்குத்தான் எடை அதிகம். அபூர்வச் சொல்லுக்கு அதிக எடை என்ற இந்த யோசனையை 1972இல் எழுதியவர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. இன்றைக்கும் அது தேடலின் அடித்தளங்களில் ஒன்று.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்த லாரி பேஜும் செர்கே பிரினும் இன்னொன்றைச் சேர்த்தார்கள். வீடு கட்ட மேஸ்திரி வேண்டும் என்றால் ஊரில் விசாரிப்போம். பத்துப் பேர் ஒரே ஆளைக் கை காட்டினால் அவர்மேல் நம்பிக்கை வரும். கை காட்டுகிறவர் ஊர் மதிக்கிற ஆளாக இருந்தால் அந்தக் கைக்கு இன்னும் மதிப்பு. லிங்க் என்பது அப்படி ஒரு கை. இதுதான் பேஜ்ரேங்க். 1998இல் தொடங்கிய கூகுள் இதை வைத்துத்தான் பெயர் வாங்கியது. இன்று கேட்கிறவரின் மொழி, இருக்கிற இடம், பக்கம் எவ்வளவு புதியது என்று இன்னும் எத்தனையோ சங்கதிகள் வரிசையைத் தீர்மானிக்கின்றன. அவற்றின் முழுக் கணக்கை எந்த நிறுவனமும் வெளியே சொல்வதில்லை. உள்ளே பார்க்க முடியாது என்பதால்தான் வெளியிலிருந்து சோதிக்க வேண்டியிருக்கிறது.

சோதிப்பதற்கு முன், எவை உண்மையிலேயே வேறு வேறு என்று தெரிந்திருக்க வேண்டும். பிள்ளைகள் ஆசையாகப் பத்துப் பெயர் எழுதிக்கொண்டு வந்தார்கள். மைக்ரோசாஃப்டின் பிங் 2009இல் வந்தது, அதற்குச் சொந்தப் பேரேடு உண்டு. யாஹூ பல வருடங்களாக பிங்கிடமிருந்துதான் முடிவுகளை வாங்குகிறது. 2008இல் தொடங்கிய டக்டக்கோவின் சாதாரண முடிவுகளில் பெரும்பகுதியும் பிங்கிலிருந்து வருவதுதான், தேடுகிறவரைப் பின்தொடர்வதில்லை என்பது அதன் வாக்குறுதி. நெதர்லாந்தின் ஸ்டார்ட்பேஜ் கூகுளின் முடிவுகளை, கேட்டவர் யார் என்று கூகுளுக்குச் சொல்லாமல் வாங்கித் தருகிறது. பிரேவ், இங்கிலாந்தின் மோஜீக் இரண்டும் சொந்தப் பேரேடு வைத்திருப்பவை. ஆக யாஹூவையும் பிங்கையும் ஒப்பிடுவது, ஒரே தோப்புச் சரக்கை இரண்டு கடையில் வாங்கி ருசி பார்க்கிற மாதிரி. எங்கள் சித்தூர் தாலுகாவுக்குப் பேர் வாங்கித் தந்த சரக்கு கள்ளு, பள்ளிக்கூட விஷயம் என்பதால் இளநீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் பேரேடு வேறுவேறாக உள்ள மூன்றைத் தேர்ந்தெடுத்தோம்.

எதைக் கேட்டுச் சோதிப்பது? பெரும்பாலும் தப்பு நடப்பது இங்கேதான். 'சூரியக் குடும்பம்' போன்ற ஒன்றைக் கேட்டால் எல்லாத் தேடுபொறியும் நன்றாகத்தான் பதில் சொல்லும். அதோடு, தெரியாததைக் கேட்டால் வந்த பதில் சரியா என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? பதில் உனக்கு நிச்சயமாகத் தெரிந்த, ஆனால் வெளியூர்க்காரருக்குக் குழம்புகிற கேள்வியாக இருக்க வேண்டும். எல்லையோரப் பிள்ளைகளுக்கு இந்த விஷயத்தில் பஞ்சமே கிடையாது.

எங்கள் தாலுகாவின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். சித்தூர். ஆந்திராவில் இன்னொரு சித்தூர் உண்டு, மாவட்டத் தலைநகரம், அங்கேயும் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. ராஜஸ்தானத்துக் கோட்டையையும் தமிழில் சித்தூர் என்றே எழுதுவார்கள். போதாக்குறைக்கு மலையாளத்தில் எங்கள் ஊரைச் சிற்றூர் என்றுதான் எழுதுகிறார்கள், அதைப் பார்த்துத் தமிழிலும் சிலர் அப்படி எழுதுகிறார்கள். தமிழில் சிற்றூர் என்றால் எந்தச் சின்னக் கிராமத்துக்கும் பெயர். ஒரு ஊர், இரண்டு எழுத்துக்கூட்டல், நாலு அர்த்தம். தேடுபொறிக்குப் பரீட்சை வைக்க இதைவிட நல்ல கேள்வித்தாள் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

சோதனையை இப்படி நடத்தினோம். தேடுவதற்கு முன்னாலேயே, என்ன வேண்டும் என்பதை ஒரு முழு வாக்கியமாக நோட்டில் எழுத வேண்டும்: 'பாலக்காடு மாவட்டத்தில் உள்ள சித்தூர் தாலுகா அலுவலகத்தின் முகவரி எனக்கு வேண்டும்.' பிறகு தேடும் சொற்கள்: 'சித்தூர் தாலுகா அலுவலகம்'. எழுத்துக்கூட்டல் மாறக்கூடாது. ஒரே கம்ப்யூட்டர், பிரைவேட் விண்டோ, அடுத்தடுத்து மூன்று தேடுபொறி. எங்கள் லேபில் கைட் என்ற கேரள அரசு நிறுவனம் தந்த லினக்ஸ் கம்ப்யூட்டர்கள்தான். முதல் பத்து முடிவுகளின் தலைப்பையும் தளத்தின் பெயரையும் லிபரேஆபீஸ் ரைட்டரில் ஒட்டி, எது எந்தத் தேடுபொறி என்று தெரியாமல் அ, ஆ, இ என்று மட்டும் தலைப்புப் போட்டு நானே பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். பெயரை மறைப்பது முக்கியம். லோகோவைப் பார்த்த பிள்ளை லோகோவுக்குத்தான் மார்க் போடும். பெரியவர்களும் அப்படித்தான்.

கேட்டது அப்படியே கிடைத்தால் 2, அதன் பக்கத்தில் வந்தால் 1, சம்பந்தமே இல்லை என்றால் 0. பத்தில் எத்தனை உதவியது என்பதை ஆராய்ச்சிக்காரர்கள் துல்லியம் என்பார்கள். கணக்கு சுலபம், ஆனால் அதிலேயே ஒரு சண்டை ஒளிந்திருக்கிறது. 'அ'வில் ஆறு முடிவுகள் உதவுகின்றன, ஆனால் முதல் மூன்றும் ஆந்திரா என்று வைத்துக்கொள்வோம். 'ஆ'வில் நாலுதான் உதவுகிறது, ஆனால் முதல் முடிவே எங்கள் தாலுகா. எது மேல்? "ரெண்டுக்குக் கீழ யாருங்க டீச்சர் பாக்கறாங்க?" என்றாள் ஒருத்தி. அவள் கேட்டதற்கும் கணக்கு இருக்கிறது. முதல் நல்ல முடிவு எத்தனையாவது இடமோ, ஒன்றை அந்த எண்ணால் வகுக்க வேண்டும். முதலிடம் என்றால் 1. நாலாவது இடம் என்றால் 1/4. 'ஆ' ஜெயித்துவிட்டது. ஒரு முகவரி போதும் என்பவருக்கு இந்தக் கணக்கு. கட்டுரை எழுத நிறையப் பக்கம் வேண்டும் என்பவருக்கு முந்தைய கணக்கு. எது நல்ல தேடுபொறி என்ற கேள்வி இங்கே உடைந்து, எந்த வேலைக்கு என்று மாறிவிடுகிறது.

வராமல் விட்டுப்போனதை எப்படி எண்ணுவது? இணையத்தில் மொத்தம் எத்தனை நல்ல பக்கம் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்கு ஒரு கெட்டிக்காரத்தனமான வழி உண்டு. மூன்று தேடுபொறியும் கொண்டுவந்ததை ஒரே குவியலாகக் கொட்டி, அதில் நல்லவற்றை மட்டும் பொறுக்கி, ஒவ்வொரு தேடுபொறியும் அவற்றில் எத்தனையைத் தவறவிட்டது என்று எண்ணுவது. 1992 முதல் அமெரிக்க அரசின் என்.ஐ.எஸ்.டி. நடத்திவரும் ட்ரெக் என்ற தேடல் ஆராய்ச்சி மாநாட்டில் உலகத்து நிபுணர்கள் செய்வதும் இதுதான். நாங்கள் சார்ட் பேப்பரில் பசை வைத்துச் செய்தோம்.

சொற்களை மாற்றிப் பார்ப்பது அடுத்த பீரியட். 'சித்தூர்-தத்தமங்கலம்' என்று நகராட்சியின் முழுப்பெயரைக் கொடுத்தால் ஆந்திரா கழன்றுவிடுகிறதா? ஆந்திராவில் 1985 முதல் தாலுகா போய் மண்டலம் வந்துவிட்டது, அப்படியானால் 'தாலுகா' என்ற சொல்லே ஒரு துப்பு, அதைத் தேடுபொறி பிடித்துக்கொள்கிறதா? இரட்டை மேற்கோளுக்குள் போட்டால் என்ன ஆகிறது, 'ஆந்திரா' என்பதற்கு முன்னால் ஒட்டினாற்போல் கழித்தல் குறி போட்டால் என்ன ஆகிறது? ஒவ்வொன்றும் அஞ்சு நிமிட வேலை.

இரண்டு பிள்ளைகள் ஒரே முடிவுக்கு வேறு வேறு மார்க் போடுவார்கள். பதற வேண்டாம், நிபுணர்களுக்கும் அதே கதைதான். முதலில் எழுதிய தேவை வாக்கியத்தைத் திரும்பப் படிக்கச் சொன்னால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். மீதிச் சண்டையைத் தீர்க்காமல் இரண்டு மார்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைக்கலாம்.

பக்கம் எவ்வளவு புதியது என்பதைச் சோதிக்க ஆந்திரா கைகொடுத்தது. 'திருப்பதி எந்த மாவட்டத்தில் இருக்கிறது?' 2022 ஏப்ரல் 4 வரை சித்தூர் மாவட்டம். அன்றைக்குத் திருப்பதி தனி மாவட்டமாகிவிட்டது. பழைய பக்கங்கள் இன்னும் சித்தூர் மாவட்டம் என்றே சொல்லிக்கொண்டிருக்கும். எந்தத் தேடுபொறி பழசை மேலே வைக்கிறது என்று பார்த்தால், அதன் பால் வண்டி எவ்வளவு அடிக்கடி போகிறது என்பதும் பழசு புதுசை அது எப்படி எடைபோடுகிறது என்பதும் ஓரளவு புரியும்.

மொழிச் சோதனைதான் என் மனதுக்குப் பிடித்தது. எங்கள் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், புத்தகத்தில் கொஞ்சம் ஆங்கிலம். ஒரே கேள்வியை மூன்று மொழியிலும் கேட்கச் சொன்னேன். பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி சித்தூருக்கு வருஷத்துக்கு எவ்வளவு தண்ணீர்? பதில் 7.25 டி.எம்.சி., மணக்கடவு அணைக்கட்டில் அளந்து விட வேண்டியது. தமிழ்நாடும் கேரளமும் 1970இல் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அது. தோட்டம் வைத்திருக்கிற வீடு எதிலும் இது தெரியாத ஆள் இல்லை. தமிழில் தேடியபோது பொள்ளாச்சி, உடுமலைப் பாசனம், திருமூர்த்தி அணை என்று அந்தப் பக்கத்து விவசாயியின் கவலை மேலே வந்தது. மலையாளத்தில் தேடியபோது தண்ணீர் வரவில்லை என்ற இந்தப் பக்கத்துக் கவலை. ஒரே ஆறு, ஒரே ஒப்பந்தம். தேடுபொறி எந்தக் கட்சியிலும் சேரவில்லை, எந்த மொழியில் யார் எழுதி வைத்திருக்கிறார்களோ அதைக் கொடுத்தது. ஒரு பையன் மட்டும் யோசித்துவிட்டு, "அப்ப எங்க அப்பிச்சி சொல்றதும் எங்கப்பா சொல்றதும் மாதிரி" என்றான். அப்பிச்சி என்றால் அம்மாவின் அப்பா, அவர் ஊர் பொள்ளாச்சிப் பக்கம்.

இடமும் இப்படித்தான் விளையாடும். மாநில எல்லையில் இருக்கிற எங்கள் பக்கத்துக் கோபாலபுரத்தில் நின்று 'பக்கத்தில் மருந்துக்கடை' என்று கேட்டால், போன் எந்த மாநில டவரைப் பிடித்திருக்கிறது என்பதைப் பொறுத்துக்கூட பதில் மாறலாம். பிரைவேட் விண்டோ பழைய தேடல்களை மறைக்கும், இருக்கிற இடத்தை மறைக்காது. இதைப் பெற்றோர்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது.

விளம்பரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முடிவின் தலையில் சின்ன எழுத்தில் 'ஸ்பான்சர்' என்று இருந்தால் அது காசு கொடுத்து வாங்கிய இடம். அதை எண்ணிக்கையில் சேர்க்காமல், பென்சிலால் வட்டமிடச் சொன்னேன். 'ஸ்காலர்ஷிப்' போன்ற சொல்லைத் தேடும்போது எத்தனை வட்டம், 'தவளையின் வாழ்க்கைச் சுழற்சி' தேடும்போது எத்தனை வட்டம் என்று அவர்களே ஒப்பிட்டுக்கொள்ளட்டும்.

காசு இன்னொரு இடத்திலும் பேசுகிறது. போனில் முதலிலேயே இருக்கிற தேடுபொறியை யாரும் மாற்றுவதில்லை, அதனால் அந்த இடத்துக்கு விலை உண்டு. ஆப்பிளின் சாதனங்களில் அந்த இடத்தைப் பிடிக்க 2022இல் மட்டும் கூகுள் சுமார் 2,000 கோடி டாலர் கொடுத்தது அமெரிக்க வழக்கு ஒன்றில் வெளியே வந்தது. தேடல் சந்தையில் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துக்கொண்டது என்று 2024 ஆகஸ்டில் அந்த நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. "மாத்தறதுக்கு செட்டிங்ஸ்ல இடம் இருக்குதா டீச்சர்?" இருக்கிறது. மாற்றிக் காட்டினேன். வாயைப் பிளந்துவிட்டார்கள்.

இப்போது முடிவுகளுக்கு மேலே ஏ.ஐ. எழுதிய சுருக்கம் ஒன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதற்கு மார்க் போடுவது கொஞ்சம் சிரமம், ஏனென்றால் படிக்க எப்போதும் சரியாகத்தான் தோன்றும். 2024 மே மாதம் கூகுளின் சுருக்கம் ஒன்று, பீட்சாவில் சீஸ் வழுக்காமல் இருக்கப் பசை சேர்க்கலாம் என்று சொன்னது. பல வருடம் முன்பு யாரோ ரெட்டிட் என்ற இணைய விவாதத் தளத்தில் எழுதிய கிண்டலை அது நிஜம் என்று எடுத்துக்கொண்டிருந்தது. சுருக்கத்துக்கு நாங்கள் வைத்த விதி ஒன்றே ஒன்று: அது காட்டும் மூலப் பக்கத்தைத் திறந்து, சொன்ன விஷயம் அந்தப் பக்கத்தில் உண்மையிலேயே இருந்தால்தான் மார்க். சித்தூரைக் கேட்டு, ஒரே பத்தியில் இரண்டு சித்தூரும் கலந்து வந்தால் அது 0.

வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் பாதுகாப்பான தேடல் அமைப்பைப் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு கேள்விக்கு மேல் வேண்டாம். மூன்றாவது கேள்வியில் பிள்ளைகள் படிக்காமலேயே மார்க் போட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

கடைசிக் கேள்வியை அவரவரே வைக்கலாம் என்று சொல்லியிருந்தேன். அந்த எட்டாம் கிளாஸ் பையன், விடையை மாற்றி எழுதி வந்தவன், தன் ஊருக்குச் சாயங்காலம் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டிருந்தான். தமிழில் ஒரு தரம், மலையாளத்தில் ஒரு தரம். 'அ'வில் தமிழ்நாட்டுப் பஸ் ஸ்டாண்டு ஒன்றின் நேர அட்டவணை. 'ஆ'வில் ரயில். 'இ'யில் அதே பெயரில் வேறு ஏதோ ஊர். மூன்றுக்கும் 0 போட்டு, சரியான விடை என்ற கட்டத்தில் 4.10 என்று எழுதினான். மணியைப் பார்த்தான். மணி நாலு. தாளை என் மேஜையில் வைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.